மஞ்சள் கேட்டு நான் எழுதிய மனு

வித்யா, பிரபு, அந்தத் தாழ்வாரத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது நனைந்த ஸ்வெட்டர் வாசனைதான்.

ஊட்டியில் திட்ட அலுவலகத்தின் தாழ்வாரம். வெளியே சாரல். உள்ளே ஐம்பது அறுபது பேர் ஒருவர் தோளுக்கு மேல் ஒருவர் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். எதிர்ச் சுவரில் ஒரு பெரிய வரைபடம். மேலும் கீழும் மரக்கட்டை கோத்து, இரண்டு ஆணியில் காலண்டர் போலத் தொங்கவிட்டிருந்தார்கள்.

ஊர் பெருத்துக்கொண்டே போகிறது, இனி எங்கே வீடு கட்டலாம், எங்கே கடை வரலாம், எந்த இடத்தைத் தொடவே கூடாது என்று அதில் வண்ணம் பூசியிருந்தார்கள். மஞ்சள் என்றால் குடியிருப்பு. பச்சை என்றால் கட்டிடம் கூடாது. இது வரைவுதான், ஆட்சேபணை இருந்தால் எழுதிக் கொடுங்கள் என்று தண்டோரா போடாத குறையாகச் சொல்லியிருந்தார்கள்.

"கைய வெக்காதீங்க, மேப்பு அழுக்காவுது" என்று அட்டெண்டர் சொல்லிக்கொண்டே இருந்தார். யார் கேட்டார்கள்? சொந்த வீட்டை விரல் வைக்காமல் எப்படித் தேடுவது?

கேத்திப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கணவனும் மனைவியும் தங்கள் மாட்டுக் கொட்டகையைத் தேடினார்கள். "கொட்டாயெல்லாம் இதுல வராதுங்க" என்றார் அட்டெண்டர். "கொட்டாயி இல்லீன்னா மாட்ட எங்கீங்க கட்டறது?" என்று அந்த அம்மா கேட்டார். எல்லோரும் சிரித்தோம். நான் கொஞ்சம் சத்தமாகவே சிரித்தேன். பத்தாவது வரை படித்தவன் அல்லவா.

இரண்டு ரோட்டுக்கு நடுவே

நம்முடைய பங்களாவடியை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இதைப் படிக்கிற மற்றவர்களுக்குத் தெரிய வேண்டும்.

கோத்தகிரியிலிருந்து கொஞ்ச தூரம். மலையின் உச்சியில் பழைய எஸ்டேட் பங்களா, அதற்கென்று ஒரு ரோடு. அதற்குக் கீழே சேத்துப்பள்ளம். கோரைப்புல் மண்டிய சதுப்பு. கால் வைத்தால் முழங்கால் வரை உள்ளே போகும். அதற்கும் கீழே நம் வீடுகள், நாற்பது சொச்சம். கடைசியாக, அடிவாரத்தில் பஸ் ரோடு.

அந்தச் சதுப்பை யாரும் பெரிதாக மதித்ததில்லை. ஒரு கன்றுக்குட்டி சிக்கிக்கொண்டால் நாலு பேர் போய் இழுப்போம், அவ்வளவுதான். ஆனால் அதன் அடியில் கசிகிற தண்ணீர்தான் ஊற்றுத் தொட்டிக்கு வந்து, அங்கிருந்து குழாயில் நம் வீடுகளுக்கு இறங்குகிறது. ஊரே வெயிலில் காய்கிற மாதங்களிலும் நம் குழாய் நின்றதில்லை. வித்யா, நீ பல் தேய்க்கும்போது "தண்ணி கடிக்குதுப்பா" என்பாய். அந்தத் தண்ணீர்.

தொட்டி கழுவ முறை உண்டு. ஞாயிறுக்கு ஞாயிறு ஒரு வீடு. காலையில் போய் மூடியைத் தூக்கி, பாசியைத் தேய்த்து, அடியில் படிந்த மண்ணை வாரிக் கொட்டிவிட்டு வர வேண்டும். கல்யாணமானாலும் காய்ச்சலானாலும் முறை தப்பக் கூடாது. ஆள் இல்லாவிட்டால் பக்கத்து வீடு போகும். பிறகு அந்த முறையைத் திருப்பிச் செய்துகொடுக்க வேண்டும்.

நான் அப்போது தேயிலை ஃபேக்டரியில் ட்ரையர் பக்கம் வேலை. என் கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும். அதனால் ரேஷன் கார்டு, பஸ் நிறுத்தம், தெருவிளக்கு, எதற்கு மனு என்றாலும் பங்களாவடியில் என்னிடம்தான் வருவார்கள். இதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

அன்று தாழ்வாரத்தில் என் கூட நின்றவன் சண்முகம். நமக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தவன். மேட்டுப்பாளையம் பஸ் ஓட்டினான். அத்தனை கொண்டை ஊசி வளைவையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். வரைபடத்தைப் பார்த்ததும் அவனுக்கே தலை சுற்றியது.

"ஏப்பா கணேசா, நம்மூரு எங்க?"

தேடிப் பிடித்தேன். பங்களாவடி என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. அதற்கு மேலே ஒரு ரோடு, கீழே ஒரு ரோடு. நடுவில் இரண்டு பட்டை. மேல் பட்டை மஞ்சள். கீழ்ப் பட்டை பச்சை.

"மேல இருக்கறது பங்களா ரோடு" என்று விரலை வைத்தேன். "அதுக்குக் கீழ சேத்துப்பள்ளம். அதுக்கும் கீழ நாம. அப்புறம் பஸ் ரோடு."

சண்முகம் கண்ணைச் சுருக்கினான். "அப்ப பள்ளத்துக்கு மஞ்சளு, நமக்குப் பச்சையா?"

"அப்படித்தான் போட்டிருக்காங்க."

"நல்லா இருக்குது. தவளைக்கு ஊடு கட்டலாம், நாம கட்டக் கூடாதா?"

தகரக் கூரையை எடுத்துவிட்டு ஒரு அறையாவது கான்கிரீட் போட வேண்டும் என்று எத்தனை வீடுகள் காத்துக்கொண்டிருந்தன. நம் வீடும்தான். பச்சை என்றால் ஒரு செங்கல்கூட வைக்க முடியாது.

வரைபடத்தின் மூலையில் ஓர் அம்பு வரைந்திருந்தது, பக்கத்தில் ஒரு எழுத்து. அதையும் பார்த்தேன். அழகுக்குப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பச்சைப் பட்டைக்குள் இருந்த சர்வே எண்களைச் சிகரெட் அட்டையில் குறித்தேன். நம் வீட்டுக் காகிதங்களில் வேறு எண் இருந்தது. அது பழைய எண், மறு அளவையில் மாற்றியிருப்பார்கள் என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். ஊருக்கு வந்து, 'மேற்படி எண்கள் கொண்ட நிலத்தைக் குடியிருப்பாக மாற்றித் தருமாறு' என்று இரண்டு பக்கம் எழுதினேன். நாற்பது வீடும் கையெழுத்துப் போட்டது. மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்து, முத்திரை வாங்கி வந்தேன். அன்றைக்கு நம் வீட்டில் கேசரி, உனக்கு ஞாபகம் இருக்கிறதா வித்யா?

வர்க்கிப் பை

அப்போதெல்லாம் ஊர் வளர்வது சத்தத்திலேயே தெரியும். கல் உடைக்கிற சத்தம், ஜேசிபி சத்தம். ரோட்டிலிருந்து பார்த்தால் ஒரு மாடி, பள்ளத்திலிருந்து பார்த்தால் நாலு மாடி என்று கட்டிடங்கள் மலையில் தொற்றிக்கொண்டு நின்றன. மழைக்காலத்தில் எங்கேயாவது ஒரு தடுப்புச் சுவர் வயிறு தள்ளி நிற்கும். சண்முகம் அந்த இடம் வந்தால் பஸ்ஸை ஓரம் விலக்கி ஓட்டுவான்.

பங்களாவையும் மலைக்குக் கீழே சமவெளியிலிருந்து ஒருவர் வாங்கியிருந்தார். அவரை நாங்கள் பார்த்ததில்லை. மேனேஜர்தான் வருவார், போவார். எங்களைக் கண்டால் கார் கண்ணாடியை இறக்க மாட்டார்.

மனு கொடுத்துப் பத்து நாள் இருக்கும். அந்த மேனேஜர் நம் வீட்டு வாசலில் நின்றார். கையில் ஒரு காகிதப் பை. உள்ளே வர்க்கி, நம் மலை பேக்கரி பிஸ்கட், அடுப்பிலிருந்து எடுத்த சூடு ஆறாமல். நெய் மணம் வாசல் வரை வந்தது.

"கணேசன்ங்கறது நீங்கதானுங்களா? முதலாளி கொடுத்துட்டு வரச் சொன்னாருங்க."

"எதுக்குங்க?"

"சேத்துப்பள்ளத்துல ரிசார்ட் கட்டணும்னு நாங்களும் எழுதிக் கொடுத்திருக்கோம்ங்க. ஊர்க்காரங்க எதிர்ப்பாங்களோன்னு முதலாளிக்கு ஒரே பயம். ஆபீசுல போய்ப் பாத்தா, நீங்களே அந்த இடத்த மஞ்சளாக்கணும்னு நாப்பது கையெழுத்தோட கொடுத்திருக்கீங்க. ரொம்ப சந்தோஷப்பட்டாருங்க."

பிரபு, நீ பையைத் திறந்துவிட்டாய்.

அவர் போன பிறகு உங்கள் அம்மா கேட்டாள். "ஏனுங்க, அவுருக்கு வேணுங்கறத நாம எதுக்கு எழுதிக் கொடுத்தோம்?"

"அவுரு எதையோ தப்பாப் பாத்திருக்காரு."

"அவுரா?" என்றாள். நான் வர்க்கியைத் தொடவில்லை.

ஸ்டெல்லா மேடத்தின் மேஜை

மறுநாள் லீவு போட்டுவிட்டு ஊட்டிக்குப் போனேன். வரைபடம் போடுகிற பிரிவில் ஸ்டெல்லா மேடம் என்று ஒருவர் இருந்தார். கழுத்தைச் சுற்றி மஃப்ளர், காதில் பென்சில். கையில் இருந்த வேலையை நிறுத்தாமல் நான் சொன்னதைக் கேட்டார்.

"பங்களா எங்க இருக்குதுன்னு காட்டுங்கண்ணா" என்று மேஜை மேல் இருந்த நகலை நகர்த்தினார்.

நான் மேலே காட்டினேன்.

"ஏன் அங்க?"

"பங்களா மேலதானுங்களே இருக்குது. மலை உச்சியில."

அவர் வேலையை நிறுத்தினார். சிரிக்கவில்லை, அதற்காக இன்றும் அவரை நினைத்துக்கொள்வேன். "அண்ணா, மேப்புல மேல இருக்கறது வடக்கு. மேடு இல்ல. உங்க மலை தெற்க ஏறி வடக்க எறங்குது. அதனால உங்க உச்சி மேப்புல கீழ இருக்கும். இந்த அம்பு அதுக்குத்தான்."

வரைபடம் அப்படியே இருந்தது. ஆனால் அதில் இருந்த ஊர் என் கண்ணுக்குள் உருண்டு திரும்பியது. நான் பங்களா ரோடு என்று நினைத்தது பஸ் ரோடு. மஞ்சள் நம் வீடுகள். பச்சைதான் சேத்துப்பள்ளம்.

ஒரு குறையும் இல்லாமல்தான் போட்டிருந்தார்கள். வீட்டுக்கு மஞ்சள், தண்ணீருக்குப் பச்சை. அந்தத் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள் என்று குண்டு குண்டான எழுத்தில் மனு கொடுத்தவன் நான்.

மலையில் பிறந்து வளர்ந்த நாம் யாரும் திசை சொல்லி வழி சொல்வதில்லை. மேட்டுப் பக்கம், பள்ளத்துப் பக்கம், ஏத்தத்தில், இறக்கத்தில், அவ்வளவுதான். சூரியனே பாதி நாள் மூட்டத்துக்குள் இருக்கிற ஊரில் கிழக்கு யாருக்கு வேண்டும்? இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. அப்படித்தான் தப்பு நடந்தது என்று சொல்கிறேன்.

"வாபஸ் வாங்கலாம்ங்களா?"

"போட்டவங்க எல்லாரும் திரும்பக் கையெழுத்துப் போடணும்ண்ணா. விசாரணை வர்ற புதன்கிழமை. அதுக்குள்ள கொண்டாங்க."

சண்முகத்தின் முறை

வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். நாற்பது வாசலில் நின்று "நான் தப்பாப் பாத்துட்டேனுங்க" என்று சொல்வது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிய வேண்டாம். சிலர் திட்டினார்கள். சிலர் சிரித்தார்கள். ஒரு வீட்டில், "இனி தெருவெளக்கு மனு எழுதறப்பவாவது விளக்கு எந்தப் பக்கம்னு பாத்து எழுதுங்க" என்றார்கள். ஆனால் கையெழுத்துப் போட்டார்கள்.

சண்முகம் ஒருவன்தான் பாக்கி. அந்த ஞாயிறு தொட்டி கழுவுவது அவன் முறை. நானும் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கூடவே ஏறினேன்.

தொட்டியின் தண்ணீரைத் திறந்துவிட்டு, இரண்டு பேரும் உள்ளே இறங்கித் தேய்த்தோம். பாதத்தில் குளிர் ஊசி போல ஏறியது. எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவன் தேய்ப்பதை நிறுத்தவே இல்லை.

"உன்ன நம்பித்தானே கையெழுத்துப் போட்டேன்" என்றான்.

"ஆமாப்பா."

"இப்பவும் உன்ன நம்பித்தான் போடணுமா?"

நான் அடியில் படிந்த மண்ணை வாரினேன்.

"இத பாரு கணேசா. குமாரு கேட்டரிங் படிச்சிட்டு ஊட்ல உக்காந்திருக்கான். ரிசார்ட் வந்தா உள்ளூர்ப் பசங்களுக்குத்தான் வேலைன்னு அந்த மேனேஜர் சொல்றாரு. நீ தப்பாத்தான் எழுதினே. ஆனா அது என்ற ஊட்டுக்கு நல்லதா முடிஞ்சா என்ன?"

குமார் அவன் மூத்த பையன். அவன் சொன்னதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியுமா? நான் துடைப்பத்தை வைத்துவிட்டு, "தண்ணி என்னாகும் சண்முகம்?" என்று மட்டும் கேட்டேன்.

"குழா போட்டுத் தருவாங்க."

"எங்கிருந்து?"

அவன் மூடியை இழுத்து மூடினான். கையெழுத்துப் போடவில்லை. எனக்கு முன்னால் இறங்கிப் போனான். பஸ்ஸில் அவனுக்குப் பின்னால் உட்கார்ந்து அத்தனை வருஷம் அரட்டை அடித்துக்கொண்டு போனவன் நான். அந்தத் திங்களும் செவ்வாயும் வேறு பஸ்ஸில் போனேன்.

புதன்கிழமை

விசாரணை அதே தாழ்வாரத்தில்தான். மேஜை போட்டு அதிகாரி உட்கார்ந்திருந்தார். பின்னால் அதே வரைபடம். பங்களா மேனேஜர் முன்வரிசையில் இருந்தார்.

எங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். ஒரு கையெழுத்துக் குறைந்த காகிதத்தை நீட்டினேன்.

அதிகாரி பழைய மனுவையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இது மஞ்சள் வேணும்ங்குது. இது பச்சையே போதும்ங்குது. ரெண்டும் ஒரே கையெழுத்து. அடுத்து என்ன கலர் கேப்பீங்க?"

கூட்டம் சிரித்தது. மேனேஜர் எழுந்தார். "சார், கொடுத்த மனு கொடுத்ததுதானுங்க. இப்ப யாரோ தூண்டிவிட்டு மாத்திப் பேசறாங்க. இதுல எல்லார் கையெழுத்தும்கூட இல்லைங்க."

"இருக்குதுங்க" என்று பின்னால் ஒரு குரல்.

சண்முகம். காக்கிச் சட்டையில், டூட்டிக்குப் போகிற கோலத்தில் வந்திருந்தான். நேராக மேஜைக்கு வந்து, அதிகாரியின் பேனாவையே கேட்டு வாங்கி, போட வேண்டிய இடத்தில் போட்டான். பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னான். "குமாருகிட்டக் கேட்டேன். ரிசார்ட்ல உனக்கு வேலை கெடச்சா, நீ தட்டுக் கழுவற தண்ணி எங்கிருந்துடா வரும்னு. அவனுக்கும் தெரியல."

"அதெல்லாம் சரி" என்றார் அதிகாரி. "எப்படித் தப்பு நடந்துச்சு? அதச் சொல்லுங்க."

சொல்லிப் பார்த்தேன். வாய் குழறியது. வடக்கு, தெற்கு, மேடு, பள்ளம் எல்லாம் கலந்து வந்தது. கடைசியில் பேச்சை விட்டுவிட்டு, "ஒரு நிமிஷம்ங்கய்யா" என்று வரைபடத்தின் பக்கம் போனேன். சண்முகம் மறு முனையைப் பிடித்தான். "அண்ணா, ஆணி, ஆணி" என்று அட்டெண்டர் பதறினார். கழற்றி, தலைகீழாகத் திருப்பி, அதே ஆணிகளில் மாட்டினோம்.

எழுத்தெல்லாம் கவிழ்ந்து நின்றது. "இப்பப் பாருங்கய்யா. மேல பங்களா. அதுக்குக் கீழ பள்ளம். அப்புறம் தொட்டி. எங்க ஊடு. பஸ் ரோடு. தண்ணி இப்படி வருது" என்று மேலிருந்து கீழே விரலை இழுத்தேன்.

கூட்டத்திலிருந்து ஒருவர் சொன்னார். "அட, இப்பத்தானுங்க எங்க ஊடும் தெரியுது."

இன்னொருவர் எழுந்தார். "நாங்களும் மாத்தித்தான் எழுதிட்டோமாட்டம் இருக்குதுங்க."

அதிகாரி ஸ்டெல்லா மேடத்தைப் பார்த்தார். அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டார். அன்று மதியம் வரை வரைபடம் அப்படியே தலைகீழாகத் தொங்கியது. ஒவ்வொரு மனுவையும் அதில் வைத்து மறுபடி பார்த்தார்கள். எங்கள் மனு வாபஸ் ஆனது. பள்ளம் பச்சையாகவே நின்றது. நான் விரலால் இழுத்த இடத்தில், ஸ்டெல்லா மேடம் பள்ளத்திலிருந்து தொட்டி வரை மெல்லிசாக ஒரு பென்சில் கோடு போட்டதைப் பார்த்தேன். எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டால் அழித்துவிடுவாரோ என்று இருந்தது.

வெளியே வந்ததும் சண்முகம் சொன்னான். "டூட்டிக்கு நேரமாச்சு. ஏறு, முன் சீட்டு காலிதான்."

சிமெண்டில் ஓர் அம்பு

அடுத்த வருஷம் தொட்டிக்குப் புதுசாகச் சிமெண்ட் பூசினோம். பூச்சு காய்வதற்குள் சண்முகம் ஒரு குச்சியை எடுத்து, மூடிக்குப் பக்கத்தில் ஓர் அம்பு கீறினான். இறக்கத்தைப் பார்த்த அம்பு. அதன் நுனியில் 'வடக்கு' என்று எழுதினான். "பத்தாவது படிச்சவங்களுக்காக" என்றான். ஊரே சிரித்தது. நானும்தான்.

குமாருக்கு மேட்டுப்பாளையத்தில் வேலை கிடைத்தது. பஸ்ஸை விட்டு ஓய்வு பெற்றதும் சண்முகமும் நெஞ்சுச் சளிக்காக அவனோடு கீழே போய்விட்டான்.

வித்யா, போன வாரம் நீ போனில் அனுப்பினாயே புது வரைவு மேப், அதைச் செராக்ஸ் கடையில் கலரில் பெரிதாக எடுத்துக்கொண்டேன். இந்த ஞாயிறு நம் முறை. அம்மாவுக்கு முட்டி வலி, நான் மட்டும் போனேன். தேய்த்து முடித்து, ஈரக் கையோடு மேப்பைத் தொட்டி மூடி மேல் விரித்தேன். அதிலிருந்த அம்பையும் சண்முகத்தின் அம்பையும் ஒரே பக்கமாக வைத்தேன். இப்போது தப்ப முடியாது.

மஞ்சள், நம் வீடுகள். பச்சை, சேத்துப்பள்ளம். பச்சையிலிருந்து தொட்டி வரை முடி அளவுக்கு ஒரு நீலக் கோடு, அச்சில். என் கை ஈரம் பட்டு அந்த இடம் ஊறிப் போயிருந்தது.

அங்கிருந்தே சண்முகத்துக்குப் போன் போட்டேன்.

"அம்பு இருக்குதா?" என்றான்.

"பாசி மூடியிருந்துச்சு. சொரண்டிட்டேன்."

"எந்தப் பக்கம் காட்டுது?"

"எறக்கத்துப் பக்கம்."

"அப்பச் சரி. இங்க மேடும் இல்ல பள்ளமும் இல்ல, எது எந்தப் பக்கம்னே தெரியறதில்ல." ஒரு இருமல். "தண்ணி?"

போனைத் தண்ணீர் கொட்டுகிற குழாய்ப் பக்கம் நீட்டிப் பிடித்தேன். அவன் வைத்துவிடாமல் கேட்டுக்கொண்டே இருந்தான்.